பேரல், கேலன், கே.எல்., டன்: எண்ணெய்க் கணக்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கச்சா எண்ணெய் விலை பேரலுக்கு இத்தனை டாலர் என்று செய்தி வரும். இந்தியா எவ்வளவு இறக்குமதி செய்தது என்று அரசு அறிக்கை சொல்லும்போது அதே எண்ணெய் டன்னாகிவிடும். விமான எரிபொருள் விலையைக் கிலோ லிட்டருக்கு அறிவிப்பார்கள், பெட்ரோல் பங்கில் லிட்டருக்குப் போடுவார்கள், அமெரிக்கச் செய்தியில் கேலனுக்கு எழுதுவார்கள். வணிகப் பக்கம் படிக்கத் தொடங்கியவர், எம்.சி.எக்ஸ். எனப்படும் பொருள் வணிகச் சந்தையில் புதிதாக நுழைந்தவர், பங்கிலோ டேங்கர் லாரியிலோ வேலைக்குச் சேர்ந்தவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என எல்லோரும் முதலில் திணறுவது இங்கேதான். கணக்கு கடினமில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. பேரல், கேலன், லிட்டர், கிலோ லிட்டர், கன மீட்டர் எல்லாம் கொள்ளளவுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நிலையான எண் உண்டு. உள்ளே இருப்பது பெட்ரோலோ தாரோ தண்ணீரோ, அந்த எண் மாறாது. ஆனால் பேரலிலிருந்து டன்னுக்கோ, லிட்டரிலிருந்து கிலோவுக்கோ போவது கொள்ளளவை எடையாக்கும் வேலை. அதற்கு ஒரே எண் கிடையாது. எந்த எண்ணெய், எந்த வெப்பநிலையில் என்று கேட்டுத்தான் விடை சொல்ல முடியும். பேரலைத் தட்டினால் உடனே டன்னைக் காட்டும் இணையக் கருவிகள் ஏதோ ஓர் அடர்த்தியைத் தாங்களாகவே எடுத்துக்கொள்கின்றன. எந்த அடர்த்தி என்று சொல்லாத கருவியை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.

படி 1: எந்த பேரல் என்று பாருங்கள்

கடைத்தெருவில் பேரல் என்றால் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல நிற டிரம்மோ, லூப் ஆயில் வரும் இரும்பு டிரம்மோதான். அந்த இரும்பு டிரம் 200 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அமெரிக்கக் கணக்கில் அது 55 கேலன், ஏறக்குறைய 208 லிட்டர். எண்ணெய்ச் சந்தையின் பேரல் அது இல்லை. உலகச் சந்தையில் விலை பேசப்படும் பேரல் 42 அமெரிக்க கேலன், அதாவது 158.987 லிட்டர். டிரம்மை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் விடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

42 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் ஊர்ப்பக்கம் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. அதை நிரப்பவென்று தனிப் பாத்திரம் எதுவும் அப்போது இல்லை. விஸ்கிக்கும் உப்பு மீனுக்கும் வைத்திருந்த மரப் பீப்பாய்களில்தான் ஊற்றினார்கள். பீப்பாய்க்குப் பீப்பாய் அளவு மாறியதால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஓயாத தகராறு. 1866-இல் உற்பத்தியாளர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஒவ்வொரு 40 கேலனுக்கும் 2 கேலன் வாங்குபவர் பக்கம் கூடுதலாகக் கொடுப்பது. மரப் பீப்பாய் வழியில் ஒழுகத்தான் செய்யும், அந்த இழப்புக்கு ஈடு. இன்று எண்ணெய் குழாயிலும் கப்பலிலும் போகிறது, 42 கேலன் பீப்பாயில் யாரும் ஊற்றுவதில்லை. கணக்கேட்டில் மட்டும் அது நிலைத்துவிட்டது.

படி 2: யாருடைய கேலன் என்று கேளுங்கள்

அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். இரண்டுக்கும் இடையே 20 சதவீத வித்தியாசம். அமெரிக்கா கையாள்வது இங்கிலாந்தின் பழைய ஒயின் கேலன், 231 கன அங்குலம். பிரிட்டன் 1824-இல் அதைக் கைவிட்டு, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் புதிய கேலனுக்கு மாறிவிட்டது. அமெரிக்கா மாறவில்லை. அதனால் ஒரு பேரல் அமெரிக்க கேலனில் 42 ஆகவும், பிரிட்டிஷ் கேலனில் ஏறக்குறைய 35 ஆகவும் வருகிறது. நம் ஊரிலும் மெட்ரிக் முறை வருவதற்கு முன் புழங்கியது பிரிட்டிஷ் கேலன்தான். பழைய ஆவணம் ஏதாவது கையில் கிடைத்தால் அதை நினைவில் வையுங்கள்.

எண்ணெய் வணிகச் செய்தியில் கேலன் என்று வெறுமனே இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க கேலன்தான். ஆனால் கார் மைலேஜ் பார்க்கும்போது கவனம் தேவை. கேலனுக்கு 30 மைல் என்று அமெரிக்க இதழ் எழுதினால் அது லிட்டருக்கு 12.75 கிலோமீட்டர். அதையே பிரிட்டிஷ் இதழ் எழுதினால் 10.6 கிலோமீட்டர்தான்.

படி 3: நான்கு எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

1 பேரல் = 158.987 லிட்டர்
1 அமெரிக்க கேலன் = 3.7854 லிட்டர்
1 பிரிட்டிஷ் கேலன் = 4.5461 லிட்டர்
1 கிலோ லிட்டர் = 1 கன மீட்டர் = 6.29 பேரல்

கொள்ளளவுக்குள் எந்த மாற்றமும் இந்த நான்கில் அடங்கிவிடும். வழி ஒன்றுதான்: கையில் இருப்பதை முதலில் லிட்டராக்குங்கள், பிறகு லிட்டரிலிருந்து வேண்டிய அலகுக்குப் போங்கள். குறுக்கு எண்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. பெரிய அலகிலிருந்து சின்ன அலகுக்குப் போனால் எண் கூட வேண்டும், சின்னதிலிருந்து பெரியதற்குப் போனால் குறைய வேண்டும். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால் இந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிடும்.

கிலோ லிட்டரை பங்க் வட்டாரத்தில் கே.எல். என்பார்கள். டெப்போவிலிருந்து கிளம்பும் 12 கே.எல். டேங்கர் லாரியில் 12,000 லிட்டர். பேரலில் பார்த்தால் 12 × 6.29, அதாவது 75.5 பேரல். நெடுஞ்சாலையில் அவ்வளவு பெரிதாகத் தெரியும் லாரி, உலகச் சந்தைக் கணக்கில் நூறு பேரலைக்கூடத் தொடுவதில்லை. எம்.சி.எக்ஸ். சந்தையில் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் ஒரு லாட்டுக்கு 100 பேரல், மினி ஒப்பந்தம் 10 பேரல். பெரிய லாட் ஒன்று 15,899 லிட்டருக்குச் சமம். பேரல் விலையில் ஒரு ரூபாய் அசைந்தால் பெரிய லாட்டில் 100 ரூபாய், மினியில் 10 ரூபாய் அசையும். முதல் ஆர்டர் போடும் முன் இது தெரிந்திருப்பது அவசியம்.

158.987-ஐ 159 என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். செய்தி படிக்கவும் மனக்கணக்குப் போடவும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பில் போடும் இடத்தில் கூடாது. வி.எல்.சி.சி. எனப்படும் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று ஏறக்குறைய 20 லட்சம் பேரல் சுமக்கும். அந்த அளவுக்கு 159 என்று முழுதாக்கினால் 25,000 லிட்டருக்கு மேல் தவறு வரும். மேலே சொன்ன 12 கே.எல். லாரி இரண்டு நிரம்பிவிடும்.

படி 4: மில்லியனைக் கோடியாக்குங்கள்

ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. உலகம் நாளொன்றுக்குச் செலவழிக்கும் எண்ணெய் ஏறக்குறைய 100 மில்லியன் பேரல், நம் கணக்கில் 10 கோடி. லிட்டரில் 1,590 கோடி.

எண்ணெய் வணிகத்தில் பலரைக் கவிழ்க்கும் சுருக்கெழுத்து ஒன்று உண்டு. பேரலுக்கு முன் ஒற்றை ‘எம்’ இருந்தால் அது பல நேரம் ஆயிரம், மில்லியன் இல்லை. ரோமன் எண் முறையிலிருந்து வந்த பழக்கம். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கிய மில்லியனுக்கு ‘எம்எம்’ என்று இரட்டையாகப் போடுவார்கள். நம் அரசு அறிக்கைகளில் வரும் எம்.எம்.டி. என்பதில் முதல் எம் மில்லியன், இரண்டாவது எம் மெட்ரிக், கடைசியில் டன். டி.எம்.டி. என்றால் ஆயிரம் மெட்ரிக் டன். அட்டவணையைப் படிக்கும் முன் அதன் தலைப்பையும் அடிக்குறிப்பையும் பார்த்துவிடுங்கள். இங்கே தவறினால் விடை ஆயிரம் மடங்கு புரண்டுவிடும்.

படி 5: பேரலை டன்னாக்குதல்

இனி அடர்த்தி இல்லாமல் நகர முடியாது. சூத்திரம் எளிது. ஒரு கன மீட்டரில் 6.29 பேரல். அந்தக் கன மீட்டர் எத்தனை டன் எடை என்பதுதான் அடர்த்தி. ஆகவே 6.29-ஐ அடர்த்தியால் வகுத்தால் ஒரு டன்னில் எத்தனை பேரல் என்பது கிடைத்துவிடும்.

கச்சா எண்ணெய்க்கு உலகச் சராசரியாக எல்லோரும் எடுத்துக்கொள்ளும் எண் ஒரு டன்னுக்கு 7.33 பேரல். எந்த எண்ணெய் என்று தெரியாதபோது அதை வைத்துக்கொள்ளலாம். தெரிந்தால் வைத்துக்கொள்ளக் கூடாது. வட கடலின் பிரென்ட் எண்ணெய் லேசானது, டன்னுக்கு 7.5 பேரல் வரும். சவூதியின் அரபு லைட் 7.3. வெனிசுவேலாவின் மெரே எண்ணெய் கெட்டியானது, 6.6 பேரலிலேயே ஒரு டன் ஆகிவிடும். ஒரே ஒரு லட்சம் டன்னுக்கு பிரென்ட்டுக்கும் மெரேக்கும் இடையே 90,000 பேரலுக்கும் மேல் வித்தியாசம்.

சுத்திகரித்த பொருள்களில் இந்த இடைவெளி இன்னும் அகலம். டன்னுக்கு பெட்ரோல் 8.35 பேரல், மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும் 7.88, டீசல் 7.46, உலை எண்ணெய் 6.35. இவையெல்லாம் சராசரிகள். கச்சா எண்ணெயின் 7.33-ஐ பெட்ரோலுக்குப் போடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அதனால் விடை 12 சதவீதம் குறைந்துவிடும்.

சில அறிக்கைகள் அடர்த்தியைத் தராமல் ‘ஏ.பி.ஐ. டிகிரி’ என்று தரும். அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் அளவுகோல் அது. எண் கூடக் கூட எண்ணெய் லேசு. ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) வேண்டுமென்றால் ஏ.பி.ஐ. எண்ணோடு 131.5-ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 141.5-ஐ வகுங்கள். பிரென்ட் சுமார் 38 டிகிரி. 38-உடன் 131.5 சேர்த்தால் 169.5. 141.5-ஐ அதால் வகுத்தால் 0.835. 6.29-ஐ 0.835-ஆல் வகுத்தால் டன்னுக்கு 7.53 பேரல். தண்ணீருக்கு இந்த அளவுகோலில் 10 டிகிரி. அதற்குக் கீழே இருக்கும் எண்ணெய் தண்ணீரில் மிதக்காது, மூழ்கும்.

டன் என்றால் நமக்கு 1,000 கிலோ. அமெரிக்கச் சிறு டன் 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் நெடு டன் 1,016 கிலோ. பழைய கப்பல் ஆவணங்களைத் தொடுபவர்கள் தவிர மற்றவர்களுக்கு இது அரிதாகத்தான் தேவைப்படும்.

படி 6: நாள் கணக்கும் ஆண்டுக் கணக்கும்

உலகச் செய்திகள் ஒரு நாளைக்கு இத்தனை பேரல் என்று சொல்லும். நம் ஊர் அறிக்கைகள் ஆண்டுக்கு இத்தனை டன் என்று சொல்லும். இவற்றை இணைக்க ஒரு நல்ல குறுக்கு வழி இருக்கிறது. 365-ஐ 7.33-ஆல் வகுத்தால் 49.8. அதனால் நாளொன்றுக்கான பேரலை 50-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கான டன் கிடைக்கும். எதிர்த்திசையில், ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்பது நாளொன்றுக்கு 20,000 பேரல்.

சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையை வைத்துச் சரிபார்ப்போம். 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கிய ஆலையின் இன்றைய திறன் 1.05 கோடி டன். 10.5-ஐ 20,000-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 2,10,000 பேரல். வெளிநாட்டுச் செய்திகளில் மணலி ஆலையைப் பற்றி வரும் எண்ணும் இதுவேதான். இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதி ஆண்டுக்கு 23 கோடி டன் என்று எடுத்துக்கொண்டால், 230 × 20,000, நாளொன்றுக்கு 46 லட்சம் பேரல். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்த அவசரகாலச் சேமிப்புக் கிடங்குகளின் மொத்தக் கொள்திறன் 53.3 லட்சம் டன். 7.33-ஆல் பெருக்கினால் 3.9 கோடி பேரல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கிடங்குகள் முழுவதும் நிறைந்திருந்தாலும் எட்டரை நாள் இறக்குமதிக்குத்தான் ஈடு. இந்த மாதிரி ஒப்பீடு வேண்டும்போதுதான் அலகு மாற்றத்தின் பயன் தெரிகிறது. டன்னையும் பேரலையும் தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

படி 7: விலையை மாற்றும்போது

விலை எதிர்த்திசையில் நடக்கும். பேரலை லிட்டராக்க 158.987-ஆல் பெருக்கினோம். பேரல் விலையை லிட்டர் விலையாக்க 158.987-ஆல் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு பேரல் 70 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேரல் 5,950 ரூபாய். வகுத்தால் லிட்டருக்கு 37 ரூபாய் 42 காசு. இது கச்சா எண்ணெயின் விலை மட்டும். கப்பல் வாடகை, சுத்திகரிப்புச் செலவு, மத்திய அரசின் கலால் வரி, மாநிலத்தின் வாட், டீலர் கமிஷன் எல்லாம் ஏறிய பிறகுதான் பங்கில் தெரியும் விலை.

பேரல் விலையை 159-ஆல் வகுத்து, ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் ஒரு லிட்டர் பெட்ரோலாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி ஆகாது. ஒரு பேரலிலிருந்து பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, விமான எரிபொருள், தார் என்று பல பொருள்கள் வருகின்றன. அமெரிக்க ஆலைகளில் 42 கேலன் கச்சா எண்ணெயிலிருந்து ஏறக்குறைய 45 கேலன் பொருள்கள் வெளிவருகின்றன. உள்ளே போனதைவிட வெளியே வருவது அதிகம். கெட்டியான எண்ணெயை உடைத்து லேசான பொருள்களாக்கும்போது கொள்ளளவு பெருகுகிறது, எடை பெருகுவதில்லை. ஆலையின் வரவு செலவைச் சரிபார்க்க வேண்டுமென்றால் டன்னில் பாருங்கள். பேரலில் பார்த்தால் கணக்கு இடிக்கும்.

படி 8: வெப்பநிலை

எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.12 சதவீதம், டீசலும் கச்சா எண்ணெயும் 0.08 முதல் 0.09 சதவீதம் வரை. ஆகவே எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சொல்லாத லிட்டர் அரைகுறைத் தகவல். இதற்காக ஒரு பொது வெப்பநிலையை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் பல நாடுகளிலும் 15 டிகிரி செல்சியஸ். அமெரிக்காவில் 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 15.56 செல்சியஸ்.

இது பாடப்புத்தக விஷயம் என்று நினைக்க வேண்டாம். 12 கே.எல். பெட்ரோல் டெப்போவில் 35 டிகிரியில் லாரி ஏறுகிறது. பங்கின் நிலத்தடித் தொட்டியில் இறங்கி 30 டிகிரிக்குத் தணிகிறது. 12,000 × 0.0012 × 5 = 72 லிட்டர். யாரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவில்லை, ஆனால் தொட்டியில் டிப் ராடு எனும் அளவுக் கோலை விட்டுப் பார்த்தால் 72 லிட்டர் குறையும். எடை போட்டால் ஒரு கிலோவும் குறைந்திருக்காது. பங்கில் புதிதாக ஸ்டாக் பார்ப்பவர் லாரி டிரைவர் மேல் சந்தேகப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். குறைவு இதற்கு மேல் போனால் அப்போது கேளுங்கள்.

கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் தொழிலில் உலகிலேயே முன்னணியில் இருக்கும் சிங்கப்பூர் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. தொட்டியில் உயரம் அளந்து, வெப்பநிலை திருத்தி, டன்னாக மாற்றுவதற்குப் பதிலாக, ஓடும் எண்ணெயின் எடையையே நேராகக் காட்டும் மீட்டரை கப்பல் எரிபொருளுக்கு 2017 முதல் கட்டாயமாக்கியது.

நம் ஊர் பங்கில் அந்த மீட்டர் இல்லை, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. அடர்த்தியை நீங்களே பார்க்கலாம், கேட்டால் காட்ட வேண்டியது பங்கின் கடமை. கண்ணாடி ஜாரில் பெட்ரோலைப் பிடித்து, ஹைட்ரோமீட்டரையும் தெர்மாமீட்டரையும் இறக்குவார்கள். ஹைட்ரோமீட்டர் ஆடி நின்ற பிறகு கண்ணை எண்ணெய் மட்டத்துக்குத் தாழ்த்திப் படியுங்கள். 32 டிகிரியில் 733 (கன மீட்டருக்கு இத்தனை கிலோ) என்று காட்டினால் அதை அப்படியே எழுதக் கூடாது. பங்கில் தொங்கும் 53பி அட்டவணையில் அந்த வெப்பநிலையையும் அந்த அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தால், 15 டிகிரிக்கான அடர்த்தி கிடைக்கும். இங்கே ஏறக்குறைய 748 வரும். அட்டவணை கையில் இல்லையென்றால் பெட்ரோலுக்கு டிகிரிக்கு 0.9 வீதம் கூட்டிக்கொள்ளலாம்: 17 டிகிரிக்கு 15.3. லாரி இறக்கிய அன்று பதிவேட்டில் எழுதிய 15 டிகிரி அடர்த்திக்கும் இதற்கும் வித்தியாசம் 3-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கலப்படச் சந்தேகம், புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுக் குவளை கேளுங்கள், முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஊற்றியது 25 மில்லி லிட்டருக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது.